சம்மனசுகளுக்கும் எடை உண்டு

லாரி எடை போடும் மேடையில் சம்மனசுகளை, அதாவது தேவதூதர்களை, ஏற்றி எடை போட்டது உலகத்திலேயே சந்தாபுராவில்தான் முதல் தடவையாக இருக்கும். போட்டவள் அல்போன்சா. சிரிக்காதீர்கள், அன்றைக்கு அவள் சிரிக்கிற நிலைமையில் இல்லை.

ஆனேக்கல் போகிற ரோட்டோரம் அந்த எடை மேடை இருக்கிறது. தரையோடு தரையாகப் பதித்த இரும்புத் தகடு, பக்கத்தில் கண்ணாடி வைத்த சின்ன ரூம், ரூம் தலைக்கு மேலே சிவப்பு எண்கள் ஓடுகிற பலகை. ஏழு வருஷமாக அந்த ரூமுக்குள் அல்போன்சாதான். ஜிகணியிலிருந்து கிரானைட் ஏற்றி வருகிற லாரிகள், இரும்புக் கம்பி ஏற்றி வருகிற லாரிகள், தக்காளி, சிமெண்ட், பழைய பேப்பர் எல்லாம் அவள் முன்னால் வந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அவள் எண்ணைப் பார்ப்பாள், சீட்டு அடிப்பாள், அடுத்த வண்டி என்பாள்.

இந்த வேலைக்கு வந்ததிலிருந்து அவளுக்கு ஒரு கெட்ட பழக்கம். எதைப் பார்த்தாலும் மனசுக்குள் எடை போடுவாள். கல்யாண வீட்டில் பெண் மாப்பிள்ளையை விட்டுவிட்டு மேடைப் பலகை தாங்குமா என்று பார்ப்பாள். பஸ்ஸில் எல்லோரும் பின்னால் நெருக்கிக்கொண்டு நின்றால், "பின் ஆக்சில் பாவம்டா சாமி" என்று முனகுவாள். "உன்னோட எங்கயும் போகவே பேஜாரா இருக்குது" என்பான் அவள் புருஷன் ஆண்ட்ரூ. சொந்தமாக ஒரு மினி லாரி வைத்து ஓட்டுகிறவன், நல்லவன், ஆனால் கணக்கு என்றால் காத தூரம் ஓடுவான்.

அவளுக்கு எடைமேல் இப்படி ஒரு பைத்தியம் பிடித்ததற்கு வேலை மட்டும் காரணமில்லை. பத்து வருஷத்துக்கு முன்னால் மகள் டீனா ஏழாம் மாசமே பிறந்துவிட்டாள். தொள்ளாயிரம் கிராம். ஒரு கிலோ துவரம்பருப்புப் பொட்டலத்தைவிடக் குறைச்சல். கண்ணாடிப் பெட்டிக்குள் வயரும் குழாயுமாகக் கிடந்த அந்த உயிரை, தினமும் காலையில் நர்ஸ் எடை போட்டுவிட்டு வந்து சொல்லும். தொள்ளாயிரத்துப் பத்து. மறுநாள் தொள்ளாயிரம். அதற்கு மறுநாள் தொள்ளாயிரத்து இருபது. பத்து கிராம் ஏறிய அன்றைக்கு அல்போன்சாவுக்குச் சோறு இறங்கும், பத்து கிராம் இறங்கிய அன்றைக்குத் தண்ணீர்கூட இறங்காது. அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்துதான் அவள் நேர்ந்துகொண்டாள்: "மாதாவே, இவளுக்குப் பத்து வயசு ஆகட்டும். உன் தேர்மேல, உன் காலடியில சம்மனசா நிறுத்துறேன்."

இந்த வருஷம் பத்து.

ஒவ்வொரு செப்டம்பரிலும் மாதா பிறந்தநாள் தேர்பவனிக்கு ஆண்ட்ரூவின் மினி லாரிதான் தேர். பின்பக்கம் மேடை கட்டி, மாதா சுரூபத்தை நிறுத்தி, வளைவும் சீரியல் லைட்டும் மாட்டி, ஜெனரேட்டர் ஏற்றி, பூவைக் கொட்டி அலங்கரிப்பார்கள். கடைசியில், கோயில் வாசலிலிருந்து கிளம்புகிற நேரத்தில், வெள்ளை கவுனும் ஜிகினா இறக்கையுமாக நிற்கிற பிள்ளைகளைத் தூக்கித் தூக்கி மேலே விடுவார்கள். எத்தனை பிள்ளைகள் என்று யாரும் எண்ணுவது கிடையாது. சம்மனசுகளை யார் எண்ணுவார்கள்?

இந்த வருஷம் கூடுதலாக ஒரு விசேஷம். விழாக் கமிட்டித் தலைவர் ஹெர்பர்ட், ஜிகணிக்குப் போய்ப் பேசி, மாதாவுக்குக் கறுப்பு கிரானைட்டில் ஒரு பீடம் வாங்கிவந்துவிட்டார். மூன்று படி, பளபளவென்று முகம் பார்க்கலாம். கிரேன் வைத்துத் தூக்கி, எல்லோருக்கும் தெரியட்டும் என்று லாரியின் பின்கோடியில் இறக்கி, போல்ட் போட்டு வெல்டிங்கும் அடித்தாயிற்று. போலீஸ் ஸ்டேஷனில் இந்தச் சேதி தெரிந்ததும், "ஏரிக்கரை இறக்கத்துல ஜனம் முன்னாடி நடக்குது, பின்னாடி கல்லு வருது. எடைச் சீட்டு கொண்டாங்க, அப்புறம் பர்மிஷன்" என்று சொல்லிவிட்டார்கள்.

ஆக, திருவிழா அன்றைக்கு மத்தியானம் ரெண்டு மணிக்குத் தேர் எடை மேடைக்கு வந்தது.

அந்த மத்தியானத்தை அல்போன்சா இப்போதும் கண்ணை மூடினால் பார்க்கிறாள். மழையா பனியா என்று சொல்ல முடியாத ஒரு தூறல். வானம் முழுக்கப் பால் கொட்டிய மாதிரி வெளுப்பு. அந்த வெளுப்புக்குள்ளிருந்து நீலப் போர்வையும் நட்சத்திரக் கிரீடமுமாக மாதா மெதுவாக வந்தாள், சத்தமே இல்லாமல் வந்த மாதிரி இருந்தது. வரிசையில் நின்ற கிரானைட் லாரிக்காரர்கள் ஒவ்வொருவராக இஞ்சினை அணைத்தார்கள். ஒரு டிரைவர் தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். டீசல் வாசனையெல்லாம் எங்கேயோ போய், ரோடு முழுக்க மல்லிகை வாசனை அடித்தது. தினமும் கல்லும் கம்பியும் நிற்கிற தகட்டின்மேல் மாதா வந்து நின்றாள்.

பலகை ஓடி ஓடி நின்றது. 4,800.

"ஆயித்து! சீட்டு அடி அல்போன்சா" என்றார் ஹெர்பர்ட், குடையை மடக்கிக்கொண்டே.

"இருங்க அங்கிள். சம்மனசுங்க ஏறலியே?"

"சம்மனசுக்கு ஏதும்மா எடை? வேதத்துல எங்கியாவது போட்டிருக்குதா?"

சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அல்போன்சாவும் சிரித்தாள். ஆனால் அவள் விடவில்லை. விடாததற்குக் காரணம் பயமில்லை, பெருமை. ஒரு வாரமாக அவள் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். ஆண்ட்ரூவின் ஆர்.சி. புத்தகத்தில் வெறும் வண்டி 2,460, லோடோடு மொத்தமாகப் போகக்கூடியது 5,300. பதினாறு பிள்ளைகள் ஏறினாலும் அடங்கும். அதை ஊர் பார்க்கச் சீட்டில் அடித்துக் காட்டவேண்டும், தன் மகள் மேலே நிற்கும்போது அடிக்கவேண்டும் என்று அவளுக்கு ஆசை. பிள்ளைகள் வேஷத்தோடும் தாய்மாரோடும் வேடிக்கை பார்க்க ஸ்கூல் வேனில் ஏற்கெனவே வந்து காத்திருந்தார்கள். ஒவ்வொருவராக ஏறினார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் பலகையில் சிவப்பு எண் இருபது, முப்பது, நாற்பது என்று ஏறியது. கடைசியில் டீனா, மாதாவின் வலது காலடியில், பீடத்தின் இரண்டாம் படியில் போய் நின்றாள். ரூமைப் பார்த்துக் கை ஆட்டினாள்.

5,280.

"இருபது கிலோ இன்னும் மிச்சம்!" என்று ஆண்ட்ரூ கத்தினான். கைதட்டல், குலவை, யாரோ ஒரு லாரிக்காரர் ஹாரன்கூட அடித்தார். "நான்தான் சொன்னேன்ல? ஸ்பிரிங்குல ரெண்டு பிளேட் எக்ஸ்ட்ரா போட்டேன், பாரு, வண்டி குனியவே இல்லை" என்று அவன் சக்கரத்துக்கு மேலே தட்டிக் காட்டினான்.

அல்போன்சாவின் விரல் சீட்டு அடிக்கிற பட்டன்மேல் இருந்தது. அப்போதுதான் அவன் தட்டிய இடத்தைப் பார்த்தாள். நிஜம்தான், வண்டி குனியவில்லை. பட்டைக்கு மேல் பட்டை வைத்து முறுக்கியிருந்தால் எப்படிக் குனியும்? ஆனால் அதற்குக் கீழே பின் டயர்கள் நான்கும் தகட்டின்மேல் வயிறு பிதுங்கி உட்கார்ந்திருந்தன. முன் டயர்களோ ஜாலியாக நின்றுகொண்டிருந்தன.

ஏழு வருஷம். எத்தனை டிரைவர்களிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பாள்: "மொத்தம் சரியா இருந்தா போதாது, முன் சக்கர ஆக்சில், பின் சக்கர ஆக்சில், ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி கணக்கு உண்டு" என்று. தன் மகள் ஏறுகிற வண்டி என்றதும் சந்தோஷத்தில் மொத்தத்தை மட்டும் கூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே, புத்தி கெட்டவள்!

ஒருத்தருக்கும் தெரியாது. போலீஸ் கேட்டது மொத்த எடைச் சீட்டு. பட்டனை அழுத்தினால் முடிந்தது. கண்ணாடிக்கு வெளியே தூறலில் டீனாவின் இறக்கை மினுமினுத்தது. பத்து வருஷம். அல்போன்சா அந்த மினுமினுப்பைப் பார்த்துக்கொண்டே எவ்வளவு நேரம் நின்றாளோ, அவளுக்கே தெரியவில்லை. பிறகு ஏரிக்கரை இறக்கம் ஞாபகம் வந்தது. ஜெபமாலை சொல்லிக்கொண்டு வண்டிக்கு முன்னால் நடக்கிற ஜனம் ஞாபகம் வந்தது. பட்டனிலிருந்து விரலை எடுத்துவிட்டு வெளியே வந்தாள்.

நேராக டிரைவர் கதவைத் திறந்து, உள்ளே ரிவெட் அடித்திருந்த சின்னத் தகட்டைத் துப்பட்டாவால் துடைத்தாள். முன் ஆக்சில் 2,200. பின் ஆக்சில் 3,250.

"ஏங்க, கொஞ்சம் முன்னாடி எடுங்க. முன் சக்கரம் மேடையைத் தாண்டணும், பின் சக்கரம் மட்டும் நிக்கணும்."

"எதுக்குடி இப்போ?"

"எடுங்கன்றேன்ல."

ஆண்ட்ரூ எடுத்தான். பதினாறு சம்மனசுகளும் ஒரு சேர ஆடி நின்றார்கள். பலகை விழுந்து விழுந்து நின்றது. 3,690.

"சரிதானே? அஞ்சாயிரத்தவிடக் கம்மிதானே?" என்றார் ஹெர்பர்ட்.

"அங்கிள், இது பின் ஆக்சில் மட்டும். அது தாங்கறது 3,250. நானூத்தி நாப்பது கிலோ ஜாஸ்தி. மொத்தம் அடங்கிடுச்சு, ஆனா அத்தனையும் பின்னாடி உக்காந்திருக்குது."

எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். "அதான் எக்ஸ்ட்ரா பிளேட் போட்டிருக்குல்ல?" என்றான் ஆண்ட்ரூ, குரல் இறங்கி. "பிளேட் தாங்கும்ங்க. டயர் தாங்கணும், ஆக்சில் தாங்கணும், இறக்கத்துல பிரேக் பிடிக்கணும். இதுல எது வீக்கோ அதுக்குத்தான் கம்பெனிக்காரன் தகடு அடிச்சிருக்கான். நீங்க போட்ட பிளேட் வண்டியை நிமிர்த்துச்சு, அவ்ளோதான்." பீடத்தை முன்னால் நகர்த்தலாமா? வெல்டிங் அடித்தாயிற்று, கிரேன் ஜிகணிக்குத் திரும்பிப் போயாயிற்று. ஜெனரேட்டரை இறக்கினால்? அது கேபின் பக்கம் இருக்கிறது, இறக்கினாலும் பின்னால் இருநூறுகூடக் குறையாது. பிள்ளைகளை முன்பக்கம் நெருக்கி நிறுத்தினால்? ஜெனரேட்டர் புகையில் இருமிக்கொண்டே போவார்கள், அப்படியும் நூற்றைம்பது ஜாஸ்தி. கேபினுக்குள் ரெண்டு சம்மனசை உட்காரவைக்கலாம் என்று ஒருத்தர் சொன்னார், இறக்கையை எங்கே வைப்பது என்று அவரே கேட்டுக்கொண்டார்.

"அப்ப என்னதான் பண்ணச் சொல்றே?" ஹெர்பர்ட்டுக்குக் கண் கலங்கிவிட்டது. பாவம், ஆசைப்பட்டு வாங்கிய கல்.

"பிள்ளைங்க இறங்கி நடக்கட்டும்" என்றாள் அல்போன்சா. சொன்ன வாய் அவளுடையதுதானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

பதினைந்து தாய்மார்கள் அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை எடை போட எந்த மேடையும் தாங்காது. ஆண்ட்ரூ வண்டியைப் பின்னால் எடுத்து மறுபடி முழுசாக மேடையில் நிறுத்தினான். சம்மனசுகள் இறங்கினார்கள். சிலர் அழுதுகொண்டு, சிலர் குதித்து. டீனா அழவில்லை. இறங்கி வந்து அம்மா பக்கத்தில் நின்றாள். "மம்மி, நேர்ச்சை?" என்று மட்டும் கேட்டாள். அல்போன்சா ரூமுக்குள் போய் மிஷினில் எண்ணைப் பார்த்தாள்.

4,820.

முதலில் 4,800தானே காட்டியது? ஏறினவர்கள் எல்லாரும் இறங்கியாயிற்று. இருபது கிலோ எங்கிருந்து வந்தது? ஜன்னலைத் திறந்து கத்தினாள்: "மேல இன்னும் யாரோ இருக்காங்க!"

"யாரும் இல்லம்மா, மாதாதான்" என்றார் ஹெர்பர்ட்.

"இருக்காங்க அங்கிள். இருபது கிலோ. பாருங்க."

அப்போதுதான் ஸ்ரீலக்ஷ்மி "அய்யோ என் பாப்பா!" என்று ஓடிவந்தாள். அல்போன்சாவின் எதிர்வீட்டுக்காரி. மாதா கோயில் ஜனமில்லை, ஆனால் பிள்ளைக்கு மூச்சிரைப்பு நின்றால் சம்மனசு வேஷம் போடுவதாக அவளும் நேர்ந்திருந்தாள். அந்தப் பிள்ளை, ஐந்து வயசு ஜானகி, பீடத்துக்கும் வளைவுக்கும் நடுவில் மல்லிகைக் குவியலில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. ஒரு இறக்கை முகத்தை மூடியிருந்தது. மூச்சுக்கு மூச்சு அந்த ஜிகினா எழும்பி எழும்பி இறங்கியது.

அந்தப் பிள்ளை மேலே இருக்கும்போதே அல்போன்சா பின் ஆக்சிலை மறுபடி போட்டுப் பார்த்தாள். 3,230. அளவுக்குள் வந்துவிட்டது, இருபது கிலோ மிச்சம்.

"அப்போ இன்னொரு சம்மனசுக்கு இடம் இருக்குது!" ஹெர்பர்ட் முகம் மலர்ந்தது. "டீனாவும் ஏறட்டும். உன் நேர்ச்சை ஊருக்கே தெரியும். என்ன வந்துடும்?"

"டீனா முப்பது கிலோ அங்கிள். ரெண்டு பேரும்னா 3,260. பத்து கிலோ ஜாஸ்தி."

"பத்து கிலோதானே! ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா. பத்து கிலோவுல என்ன குடியா முழுகிடப் போகுது?"

ஆண்ட்ரூ பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னான்: "நான் உருட்டிக்கிட்டேதான் போவேன், ஃபர்ஸ்ட் கியர்ல. பத்து வருஷமா நீ இதுக்குத்தானே காத்திருக்கே. விடு, ஏத்திடலாம்."

ஏற்றிவிடலாம். யார் தடுக்கப் போகிறார்கள்? பத்து கிலோவில் ஆக்சில் முறியாது, அது அவளுக்கும் தெரியும். ஆனால் அந்தப் பதினைந்து தாய்மார்கள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்களே. என் பிள்ளைக்குப் பத்து என்றால், அவர்கள் பிள்ளைக்கு எவ்வளவு? யாரிடம் எந்த எண்ணில் நிறுத்துவாள்? அது ஒன்று. இன்னொன்றை அவள் யாரிடமும் சொல்லவில்லை. பத்து என்பது ஒன்றுமில்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று பத்து கிராமுக்காக ஒவ்வொரு காலையும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தவள் அவள். இன்றைக்குத் தன் வசதிக்காகப் பத்து கிலோ ஒன்றுமில்லை என்றால், அன்றைக்கு மாதாவிடம் அழுததெல்லாம் பொய்யாகிவிடும்.

"முடியாதுங்க" என்றாள்.

ஸ்ரீலக்ஷ்மி டக்கென்று தேர்மேல் கையை வைத்தாள். "அக்கா, நான் ஜானகியை இறக்கிடறேன். இது உங்க திருவிழா, உங்க நேர்ச்சை. டீனா மட்டும்னா சரியா வரும்ல?"

வரும். 3,240. அல்போன்சாவுக்கு அந்த எண் கேட்காமலே மனசில் வந்து நின்றது. சரி என்று சொல்ல வாயும் திறந்துவிட்டது.

"வேணாம் ஆன்ட்டி" என்றாள் டீனா. "தூங்குறா. எழுப்பினா அழுவா." சொல்லிவிட்டு, எட்டி, ஜானகியின் முகத்தை மூடிய இறக்கையை மட்டும் நகர்த்திவிட்டாள்.

ஸ்ரீலக்ஷ்மி தன் துப்பட்டாவை அவிழ்த்து, பிள்ளை உருளாதபடி இடுப்போடு சேர்த்து வளைவுக் கம்பியில் கட்டினாள். அல்போன்சா அடித்துக் கொடுத்த எடைச் சீட்டை வாங்கிக்கொண்டு ஆண்ட்ரூ வண்டியை எடுத்தான். மாதா அந்த வெளுப்புக்குள் மெதுவாகத் திரும்பிப் போனாள், பின்னாலேயே ஜனமும் பதினான்கு சம்மனசுகளும் போனார்கள்.

அல்போன்சா சீட்டுகளை எடுத்துவைக்க ரூமுக்குள் வந்து உட்கார்ந்தாள். அப்போதுதான் அழுகை வந்தது. அடக்கவில்லை, நன்றாக அழுதாள். வாக்குக் கொடுத்து வாங்கிய பிள்ளை, வாக்கைக் காப்பாற்ற முடியவில்லையே. முகத்தைத் துடைத்துக்கொண்டு மிஷினைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரப் பார்த்தாள். மேடை காலி. எண் பூஜ்யமாக இருக்கவேண்டும். இல்லை.

30.

மிஷின் கோளாறா? எழுந்து ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அறுபது டன் தாங்குகிற அந்தப் பெரிய இரும்புத் தகட்டின் நட்டநடுவில், வெள்ளை கவுனில், நனைந்த இறக்கையோடு டீனா தனியாக நின்றுகொண்டிருந்தாள். அண்ணாந்து பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மம்மி, முப்பதுன்னா அது நானா?"

இவ்வளவு சின்ன எடைக்கெல்லாம் அந்த மேடை சாட்சி சொல்லாது என்று அல்போன்சாவுக்குத் தெரியும். சட்டப்படி செல்லாது. இருந்தாலும் அந்தச் சிவப்பு எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். தொள்ளாயிரத்துப் பத்து, தொள்ளாயிரம், தொள்ளாயிரத்து இருபது, முப்பது கிலோ. தான் கேட்டது தேரையா பிள்ளையையா என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

"ஆமாடி, நீதான்" என்றாள். "அசையாம நில்லு."

பட்டனை அழுத்தினாள். வண்டி எண் போடாமல் சீட்டு அடிக்காது அந்த மிஷின். அந்தக் கட்டத்தில் மகள் பெயரை அடித்தாள்.

அன்றைக்குச் சாயங்காலம் ஏரிக்கரை இறக்கத்தில் தேர் ஊர்ந்து ஊர்ந்து இறங்கியது. அதன் பக்கத்தில் பதினைந்து சம்மனசுகள் செருப்பில்லாமல் ஈர ரோட்டில் நடந்தார்கள். ஆண்ட்ரூ பிரேக்கைத் தொட்டபோதெல்லாம் வண்டி சொன்ன பேச்சைக் கேட்டு நின்றது. மேலே ஜானகி இன்னும் தூங்கிக்கொண்டிருந்தாள். மாதாவின் வலது காலடியில், பீடத்தின் இரண்டாம் படியில், மல்லிகைக்கு நடுவே ஒரு எடைச் சீட்டு செருகியிருந்தது. வண்டி எண்: டீனா. எடை: 30 கிலோ.